என் தம்பியின் இதயத்தை யாரும் பார்க்கவில்லை: மருத்துவமனைத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் மருத்துவமனைகளை நடத்தும் தலைமை மருத்துவர்களுக்கும் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

கடந்த மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்குப் பதில் வந்தது. என் தம்பிக்கு ஏன் பிரேதப் பரிசோதனை செய்யவில்லை என்று கேட்டு நான் எழுதியது நான்கு பக்கம்; வந்தது ஆறு வரி. அதன் நான்காவது வரியைத் தமிழில் தருகிறேன்: “இறப்புக்கான காரணம் மருத்துவ ரீதியாக உறுதிப்படுத்தப்பட்டிருந்ததால் பிரேதப் பரிசோதனைக்கான தேவை எழவில்லை.” இந்த வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்னைப் போலவே அப்பாவையோ அம்மாவையோ வெவ்வேறு மருத்துவமனைகளில் பறிகொடுத்த உறவினர்களையும் அண்டைவீட்டாரையும் கேட்டுப் பார்த்தேன். பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்று ஒருவரிடமும் கேட்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தம்பி ஒன்றரை ஆண்டுக்கு முன், தேசிய தினக் கொடிகள் இன்னும் சன்னல்களில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் இறந்தான். வயது 44. மின்தூக்கிப் பராமரிப்பு வேலை. புளோக்கில் மின்தூக்கி நின்றுவிட்டால் குடியிருப்பாளர்கள் கீழே காத்திருப்பார்கள். அவன்தான் கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்மாடிவரை படியேற வேண்டும். கடைசி நான்கைந்து மாதமாக ஆறாவது மாடியில் ஒருமுறை, பத்தாவது மாடியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறான். வயதாகிறது என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டான். புகை, மது எதுவும் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை காய்ச்சலும் இருமலும் மூச்சிரைப்புமாக அவசரப் பிரிவுக்குப் போனான். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியும் வெளுத்திருந்தது. நிமோனியா என்றார்கள்; ஆக்சிஜன் வைத்தார்கள், கிருமிக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். இசிஜி எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டுக்கு வந்த மருத்துவர், இதயத்தையும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம், நாளை காலை என்றார். அந்த நாளைக் காலைக்கு அவன் இருக்கவில்லை. திங்கள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொலைபேசி வந்தது. நாங்கள் ஈசூனிலிருந்து டாக்சியில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அங்கே எங்களை யாரும் அலட்சியமாக நடத்தவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரவெல்லாம் விழித்திருந்த ஓர் இளம் மருத்துவர், முப்பது வயதுகூட இருக்காது, நாற்பது நிமிடம் மார்பை அழுத்திப் பார்த்ததாகச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. தாதி ஒருவர் தம்பியின் காலணி, இடைவார், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கைப்பிடியை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். நெருங்கிய உறவினர் யார். அடையாள அட்டை எண் என்ன. எந்த மதம். எந்த ஈமச்சடங்கு நிறுவனம். எத்தனை மணிக்கு வண்டி வரும். மோதிரத்தைக் கழற்றலாமா. ஏன் இறந்தார் என்று முழுதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா என்ற கேள்வி மட்டும் அந்த வரிசையில் இல்லை.

மரணச் சான்றிதழை அன்று மத்தியானமே தம்பி மகன் கைபேசியில் பதிவிறக்கிவிட்டான். 2022 மே மாதத்திலிருந்து மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததுமே இறப்பு பதிவாகிவிடுகிறது. நாங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அந்த வேகத்தில் காரணம் என்ற கட்டத்துக்குள் ‘நிமோனியா’ என்ற சொல் போய் உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை மண்டாய் தகனச்சாலை. புதன்கிழமை அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டோம்.

பதினான்கு மாதம் கழித்து அவன் மகன் மயங்கி விழுந்தான். அவனுக்கு வயது 18, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாப்ஃபா உடலுறுதித் தேர்வில் வெள்ளி வாங்கினால் தேசிய சேவையில் இரண்டு மாதம் குறையும் என்று நண்பர்களோடு 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றில் சுருண்டு விழுந்து, அரை நிமிடத்தில் தானே எழுந்து உட்கார்ந்திருக்கிறான். வெயில் என்றான். நான்தான் விடாமல் இதய மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

அந்த மருத்துவர் எக்கோ ஸ்கேன் எடுத்தார். பிறகு, சந்திப்புத் தேதி அச்சிட்ட தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் ஓர் இதயம் வரைந்தார். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவரின்மேல் பேனாவை வைத்தார். “உன்னுடைய சுவர் 13 மில்லிமீட்டர்” என்றார். வயது வந்த ஒருவருக்கு, இரத்தக்கொதிப்பு போன்ற வேறு காரணம் இல்லாமல், இந்தச் சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் இதயத்தசைத் தடிப்பு நோய் என்பார்களாம். ஆனால் பெற்றோரிலோ உடன்பிறந்தவரிலோ ஒருவருக்கு அந்த நோய் உறுதியாகியிருந்தால் 13 மில்லிமீட்டரே போதுமாம். இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: “அப்பா எதனால் இறந்தார்? பிரேதப் பரிசோதனை செய்தார்களா?”

தம்பி மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “அத்தை?” என்றான். என்னிடம் பதில் இல்லை.

இதுதான் என் வழக்கு. அந்த நோய் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஓடும்போது, பந்து விளையாடும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரை எடுக்கக்கூடிய நோய் அது. தம்பியின் நுரையீரலில் எக்ஸ்ரே காட்டிய வெண்மை கிருமியால் வந்ததா, தளர்ந்துபோன இதயத்தால் கோத்துக்கொண்ட நீரா, இரண்டும் சேர்ந்ததா? படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியக்கூடும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். நிமோனியாதான் என்றால் என் மருமகன் நாளைக்கே ஓடலாம். இதயத்தசை நோய் என்றால் அவன் வாழ்க்கையே வேறு. இதைத் தீர்த்துவைக்கக்கூடிய ஒரே சாட்சி மண்டாயில் எரிந்துவிட்டது.

மரபணுச் சோதனை செய்யலாமே என்று நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். நோய் இருந்தவரிடம் தொடங்கினால்தான் அந்தச் சோதனை தெளிவான பதிலைத் தரும் என்றார் மருத்துவர். இந்த நோய் இருக்கும் பலரிடம் மரபணு மாற்றம் எதுவும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. அப்பாவிடம் எந்த மாற்றம் இருந்தது என்று தெரியாதபோது, மகனிடம் ஒன்றும் இல்லை என்று வரும் முடிவை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக உறங்க முடியாது. அவன் தங்கைக்கு 12 வயது. அவளையும் இனி ஓராண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறோம். காரணம் கேட்டால் அவளுக்கு என்ன சொல்வது என்று அவள் அம்மாவுக்குத் தெரியவில்லை.

“காரணம் உறுதிப்படுத்தப்பட்டிருந்தது” என்று எழுதினீர்கள். எதை வைத்து உறுதி? ஒரு எக்ஸ்ரே, சில இரத்தப் பரிசோதனைகள், மூன்று நாள் கவனிப்பு. அவை ஒரு நல்ல மருத்துவரின் ஊகத்துக்குப் போதும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊகம் சரிதானா என்று பார்ப்பதற்குத்தானே மருத்துவம் பிரேதப் பரிசோதனையை வைத்திருக்கிறது? 1761இல் இத்தாலியின் பாடுவா நகர மருத்துவர் மோர்காக்னி, உயிரோடு இருந்தபோது நோயாளி சொன்ன துன்பத்தையும் இறந்த பிறகு உறுப்பில் கண்ட கோளாறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய நாளிலிருந்து உங்கள் துறை வளர்ந்தது அப்படித்தான்.

இப்போது ஸ்கேன் இருக்கிறது, அதெல்லாம் பழைய காலம் என்று ஒரு மருத்துவ நண்பர் என்னிடம் சொன்னார். அவருக்கு நான் காட்டியது பாஸ்டனில் உள்ள ஒரு போதனா மருத்துவமனையின் ஆய்வு, 1983இல் வெளிவந்தது. 1960, 1970, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலிருந்தும் தலா 100 பிரேதப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். இடையில் அல்ட்ராசவுண்ட் வந்தது, சிடி ஸ்கேன் வந்தது. ஆனாலும் மூன்று காலத்திலும் ஏறத்தாழ 10 விழுக்காட்டு நோயாளிகளிடம், முன்பே தெரிந்திருந்தால் சிகிச்சை மாறி ஆயுள் நீண்டிருக்கக்கூடிய பெரிய நோய் ஒன்று தவறவிடப்பட்டிருந்தது. கருவி கூடியும் அந்த அளவு குறையவில்லை. இதுபோன்ற ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, தவறுகள் காலப்போக்கில் குறைந்திருப்பதை ஒப்புக்கொண்டது. அற்றுப்போகவில்லை என்பதையும் சொன்னது.

கொவிட் காலத்தை மறந்துவிட்டோமா? ஜெர்மனியில் உடலைத் திறந்து பார்ப்பதைத் தவிர்க்கும்படிதான் முதலில் அறிவுரை சொன்னார்கள். ஹாம்பர்க் மருத்துவர்கள் திறந்து பார்த்தார்கள். முதல் 12 உடல்களில் 7 பேரின் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறைந்திருந்தது. உயிரோடு இருந்தபோது அப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் சந்தேகிக்கவில்லை. அவர்களில் 4 பேர் இறந்ததே அந்த உறைவு நுரையீரலுக்குப் போய் அடைத்ததால்தான். பன்னிரண்டு குடும்பங்களின் துக்கத்திலிருந்து கிடைத்த அறிவு, உறைவுத் தடுப்பு மருந்தின் பக்கம் உலகத்தைத் திருப்பியதில் பங்கு வகித்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் தீவிலேயே 1982 முதல் 1990 வரை 235 தாய்லாந்துக் கட்டுமானத் தொழிலாளர்கள் உறக்கத்திலேயே இறந்தார்கள். முந்தின நாள்வரை மூட்டை சுமந்த இளைஞர்கள். தாய்லாந்துக் கிராமங்களில் அதை ஆவியின் வேலை என்றார்கள். இங்கே மருத்துவர்கள் அந்த உடல்களைப் பரிசோதித்தார்கள், கணக்கெடுத்தார்கள், எழுதி வெளியிட்டார்கள். இதயத்தில் கண்ணுக்குத் தெரியும் கோளாறு இல்லை என்று உறுதியானதுதான் துப்பாக அமைந்தது. கோளாறு இதயத்தின் மின்னோட்டத்தில் இருக்கலாம் என்று தேடத் தொடங்கினார்கள். 1992இல் விவரிக்கப்பட்ட, ப்ருகாடா நோய்க்குறி என்ற இதய மின்னோட்டக் கோளாறும் இந்த உறக்க மரணமும் ஒரே குடும்பம் என்பது பின்னர் மரபணுவிலேயே தெரிந்தது. ஊர் பெயர் தெரியாத தொழிலாளிக்கு இந்த நாடு அன்று அந்த மரியாதையைச் செய்தது. என் தம்பி வீட்டில் உறக்கத்தில் இறந்திருந்தால், மரண விசாரணை அதிகாரிக்குத் தகவல் போயிருக்கும். ஊட்ரமில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் தடயவியல் மருத்துவர் ஒருவர் காரணம் தேடியிருக்கக்கூடும். உங்கள் வார்டில், உங்கள் கண்முன் இறந்ததால் தேடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தமிழர்களாகிய எங்களுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசிய வம்சாவளியினரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2009இல் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் நிற்கும் நூறு பேரில் நான்கு பேர். அந்த மாற்றம் இருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. யாருக்கு வருகிறது, யாருக்கு வராமலே போகிறது என்று தெரிய வேண்டுமானால் எங்கள் ஆட்களின் இதயங்களை யாராவது பார்த்தாக வேண்டும்.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிக்கு வருகிறேன். இந்தியக் குடும்பங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கேட்டால் மனம் புண்படும் என்பீர்கள். பொய் சொல்ல விரும்பவில்லை: அன்று கேட்டிருந்தால் எங்கள் பெரியப்பா கட்டாயம் மறுத்திருப்பார். செத்த பிறகும் பிள்ளையைக் கூறுபோட வேண்டுமா என்று சத்தம் போட்டிருப்பார். நானும்கூட அந்த நேரத்தில் தலையாட்டியிருப்பேனோ என்னவோ. ஆனால் இதயத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுக்கலாம், சில மணி நேரத்தில் முடிந்துவிடும், தையல் சட்டைக்குள் மறைந்துவிடும், முகத்தைத் தொட மாட்டார்கள், வேட்டி சட்டை உடுத்திப் பெட்டியில் வைத்து எல்லாரும் பார்க்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இப்போது பெரியப்பாவிடம் அந்த 13 மில்லிமீட்டர் கணக்கைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். “இதை அன்றைக்கே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால்...” என்றார். மறுக்கும் உரிமை எங்களுடையது. எங்களுக்காக நீங்களே மறுத்துவிட்டீர்கள்.

மேலும், மறுப்புத் தெரிவிக்காத குடிமக்களின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் இதயத்தையும் விழிவெண்படலத்தையும் பிறருக்குப் பொருத்த வழிசெய்யும் சட்டம் நம்மிடம் இருக்கிறது; 1987இல் சிறுநீரகத்தோடு தொடங்கி, 2004இல் மற்ற உறுப்புகளுக்கும் விரிந்த சட்டம். அதை எங்கள் மக்கள் ஏற்றுக்கொண்டு வாழ்கிறார்கள். முன்பின் அறியாத ஒருவருக்கு இதயத்தையே கொடுக்கச் சம்மதிக்கும் சமூகம், தன் பிள்ளைக்காக அதைப் பார்க்கவிட மாட்டேன் என்று சொல்லும் என எப்படி முடிவு கட்டினீர்கள்?

நான் கேட்பது இவைதான்.

50 வயதுக்குள் வார்டில் யார் இறந்தாலும், எந்த வயதினராயினும் நிலைமை எதிர்பாராமல் திரும்பி இறந்தாலும், பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்று குடும்பத்திடம் கேட்பதைக் கட்டாயமாக்குங்கள். கேட்டது யார், பதில் என்ன என்பது நோயாளியின் கோப்பில் பதிவாக வேண்டும். மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டால் நடக்காது. அமெரிக்க மருத்துவமனைகளில் இறப்பவர்களில் 20 முதல் 25 விழுக்காட்டினருக்காவது பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு இருந்தது. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 1971இல் அதை நீக்கியது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த விழுக்காடு அதற்குப் பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது.

கேட்பவர் அனுபவமுள்ள மூத்த மருத்துவராக இருக்கட்டும். இரவெல்லாம் உழைத்த அந்த இளம் மருத்துவரின் தலையில் இதையும் கட்டாதீர்கள். என் தம்பி மனைவி மன்னார்குடியில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு அன்று நான்தான் மொழிபெயர்த்தேன், அழுதுகொண்டே. தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆளும், நிதானமாகப் படிக்கத் தமிழில் ஒரு தாளும் எந்த நேரத்திலும் இருக்க வேண்டும். உறுப்பைக் குறிப்பிட்டு வரம்புக்குட்பட்ட சம்மதம் தரலாம், ஊசியால் திசு எடுக்கலாம், இறந்த பிறகும் ஸ்கேன் செய்யலாம் என்ற வழிகள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். இதற்கு வெள்ளி ஒன்றுகூடக் குடும்பத்திடம் வாங்காதீர்கள். முடிவு வந்ததும் அஞ்சலில் அனுப்பிக் கை கழுவாமல், எங்களை உட்காரவைத்து விளக்குங்கள்.

குடும்பம் மறுத்தாலும், இளவயதில் இறந்தவரின் இரத்தம் சில மில்லிலிட்டரையாவது அவர்கள் சம்மதத்தோடு மரபணுச் சோதனைக்காகப் பாதுகாத்து வையுங்கள். என் தம்பியிடமிருந்து அந்த மூன்று நாளில் எத்தனை குழாய் இரத்தம் எடுத்தீர்கள்! ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் போதும்.

அமைச்சுக்கு: ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஆண்டுக்கு எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை குடும்பங்களிடம் கேட்கப்பட்டது, எத்தனை பரிசோதனைகள் நடந்தன, சான்றிதழில் எழுதிய காரணம் எத்தனையில் மாறியது என்ற எண்களை ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

கடைசியாக, ஆறு வரியில் எனக்குப் பதில் எழுதிய மருத்துவமனைக்கு. வெள்ளிக்கிழமை இரவு அவசரப் பிரிவில் என் தம்பிக்கு எடுத்த இசிஜி உங்கள் கோப்பில் இருக்கிறது. இதயச் சுவர் தடித்திருந்தால் அந்தக் கோடுகளில் அதன் சாயல் தெரியக்கூடும் என்று மருமகனின் மருத்துவர் சொல்கிறார். இரண்டு முறை விண்ணப்பித்துவிட்டோம். சுருக்க அறிக்கை மட்டும்தான் வந்தது. எங்களுக்கு அந்த மூலப் பதிவின் நகல் வேண்டும். மருமகனின் அடுத்த பரிசோதனை மார்ச் 18ஆம் தேதி. அதற்கு முன் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஓர் அக்கா